இடித்துரையும் ஆற்றுப்படையும்

கிறிஸ்தவர் தம் விசுவாசத்தைப் பிறரிடம் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசவேண்டுமா, அன்றி இதமாகப் பேசவேண்டுமா என்னும் வினா ஈழத்துத் திருச்சபைகளுக்குப் புதியதன்று. ஞாயிறு ஆராதனை முடிந்து கலைவோரிடையேயும், மாணவர் கருத்தரங்குகளிலும், இறையியற் கல்லூரி விரிவுரை மண்டபங்களிலும் அது எழுப்பப்படுகின்றது. வழக்கமான விடைகள் இரண்டும் கூறப்படுகின்றன. கலந்துரையாடல் தேநீருடன் முடிவுறுகின்றது. உண்மைக்குத் தேன் தடவுவது உண்மைக்கே செய்யும் துரோகம் என்பர் ஒரு சாரார். பல மதத்தினர் கூடி வாழும் நாட்டில் கடுஞ்சொல் அயலவனைப் பகைவனாக்கும் என்பர் மறு சாரார். இரு சாராரும் குரலின் உயரத்தை மட்டுமே அளந்துகொண்டிருக்கின்றனர். பேசுபவர் யார், எவரை நோக்கிப் பேசுகின்றார், எந்த உரிமையுடன் பேசுகின்றார் என்னும் வினாக்கள் இரு சாராரிடத்தும் எழுவதில்லை. அவை எழாதவரையில் இவ்விவாதம் எத்தனை தலைமுறை நீடிப்பினும் பயனற்றதேயாகும்.

தமிழ் மரபு இவ்விடயத்தில் தெளிவான ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றது. இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே இடித்துரையையும் போற்றியவர். இது முரண்பாடன்று என்பது இடித்துரைக்கு அவர் அளித்த இடத்தை நோக்குமிடத்துப் புலனாகும். நட்பைப் பற்றியும், பெரியாரைத் துணைக்கொள்வதைப் பற்றியும் கூறுமிடங்களிலேயே அது அறமாகின்றது. நண்பன் நண்பனை இடித்துரைக்கலாம். அரசனுடைய நன்மை தீமைகளில் தாமும் பங்குகொள்ளும் பெரியோர் அரசனை இடித்துரைக்கலாம். உறவு முதலில்; உரிமை அடுத்து; கடுஞ்சொல் அதற்கும் பின்னர். வழிப்போக்கன் ஒருவன் அந்நியன் வீட்டு வாயிலில் நின்று அவன் குலதெய்வத்தை இழித்துரைப்பது இந்த அறத்துள் அடங்காது. அதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு, அது வசை.

கடுமையை விரும்பும் கிறிஸ்தவர் இதற்கு விவிலியத்தைக் கொண்டே மறுப்புரைப்பர். தீர்க்கதரிசிகள் மென்மையாகவா பேசினர்? கிறிஸ்து பரிசேயரைக் கடிந்துரைத்தபோதும், ஆலயத்தில் வணிகரின் மேசைகளைக் கவிழ்த்தபோதும் எவருடைய மனம் நோகுமென எண்ணிப்பார்த்தார்? இவ்வினாக்கள் நியாயமானவை. ஆனால் அவற்றின் விடை வினவுவோருக்குச் சாதகமானதன்று. எரேமியா நின்றது தன் இனத்தவர் வழிபட்ட எருசலேம் ஆலயத்தின் வாயிலில். கிறிஸ்து மேசைகளைக் கவிழ்த்ததும் அதே நகரில், தம் தந்தையின் இல்லமென அவர் உரிமை கொண்டாடிய ஆலயத்தில். கடிந்துரைக்கப்பட்டோர் அவருடைய வேதத்தையே ஓதி, அவர் சென்ற செபக்கூடங்களிலேயே முதன்மை இருக்கைகளில் அமர்ந்தவர்கள். சுவிசேஷங்களில் மிகக் கடுமையான சொற்கள் யாவும் தன் வீட்டாரை நோக்கிய சொற்களே.

புறத்தாரிடம் அவர் பேசிய முறையை யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரம் காட்டும். யூதர் சமாரியருடன் பாத்திரம் கலவாத காலம் அது. சமாரியப் பெண்ணொருத்தியிடம் கிறிஸ்து முதலில் கேட்டது குடிப்பதற்குத் தண்ணீர். உபதேசம் பின்னர் வந்தது. அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய உண்மையையும், வழிபாடு பற்றிய தமது கொள்கையையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அவள் கையிலிருந்து பெறவேண்டிய தேவை உடையவராகத் தம்மைக் காட்டிக்கொண்ட பின்னரே அவற்றைக் கூறினார். கிணற்றடியில் எவர் அள்ளலாம், எவர் அள்ளலாகாது என்பதற்காக இரத்தம் சிந்திய யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் இக்கதையின் பொருள் எவருக்கும் விளங்காமற் போகாது.

பவுலின் செயலும் இதற்கு இயைந்ததே. ஏதென்ஸ் நகரின் விக்கிரகங்களைக் கண்டு அவர் உள்ளங் கொதித்தார் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. எனினும் அரேயோபாகு மேடையில் அவர் தம் உரையைத் தொடங்கியது அந்நகரத்தார் அறியப்படாத தெய்வத்துக்கு எடுத்திருந்த பலிபீடத்திலிருந்து. சான்று காட்டியது அவர்களுடைய புலவர்களையே. உரையின் இறுதியில் உயிர்த்தெழுதலை ஒளிவுமறைவின்றிக் கூறினார். சிலர் நகைத்தனர், சிலர் மீண்டும் கேட்போம் என்றனர், சிலர் நம்பினர். நகைப்புக்கு அஞ்சி அவர் தம் செய்தியைச் சுருக்கவுமில்லை, நகைத்தவர்களை ஏசவுமில்லை.

இவ்வடிப்படைகளை மனங்கொண்டு வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தம் ஆரம்ப ஆண்டுகளில் ஊர்ப்புறக் கோயிலொன்றின் அருகே இருந்த சுடுமண் உருவங்கள் சிலவற்றைத் தள்ளி உடைத்தார். அங்கு நின்ற உள்ளூர் ஆசிரியர் ஒருவர், அவை தெய்வங்களல்ல, தெய்வத்தின் காவல் வீரரே என விளக்கவேண்டியிருந்தது. உடைத்தவர் தாம் உடைத்தது எதுவென அறியாதிருந்தார். கடுமையின் அடித்தளத்தில் பெரும்பாலும் இத்தகைய அறியாமையே இருக்கின்றது. ஆனால் சீகன்பால்கு அந்நிலையில் நின்றுவிடவில்லை. தமிழ் கற்றார், ஏடுகளைத் திரட்டினார், உள்ளூர் அறிஞருடன் மடல்வழி உரையாடினார், 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதி முடித்தார். அதனை அச்சிட ஜேர்மனியில் இருந்த அவருடைய ஆதரவாளர் விரும்பவில்லை. புறச்சமயத்தை ஒழிப்பதற்கு அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புவதா என்பதே அவர்களுடைய நோக்காக இருந்தது. நூல் 1867இலேயே அச்சேறியது. உருவத்தை உடைத்த கைக்கு எதிர்ப்பில்லை; அதனை விளங்கிக்கொள்ள முயன்ற கைக்கே தடை வந்தது.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் இதனினும் கசப்பானது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் அரச உத்தியோகத்துக்கு வாயிலாக இருந்தது. ஆட்சி மாறியதும் ஏட்டிலே கிறிஸ்தவராயிருந்தோர் பலர் வெளிப்படையாகவே கோயில்களுக்குத் திரும்பினர். 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. பாடசாலையும் அச்சுயந்திரமும் உத்தியோகத்துக்குரிய ஆங்கிலக் கல்வியும் ஒரே கரத்திலிருந்த அக்காலத்திலேதான் சைவத்தை இழித்துரைக்கும் துண்டுப்பிரசுரங்கள் ஊர்தோறும் பரப்பப்பட்டன. அவற்றை எழுதினோர் அதனைத் துணிவு எனக் கருதியிருத்தல் கூடும். ஆனால் ஆட்சியாளரின் நிழலில் நின்று, விடையளிக்க அச்சுயந்திரம் இல்லாதவனை நோக்கிப் பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? துணிவு என்பது வலியோன் முகத்துக்கு நேரே பேசும்போது மட்டுமே அப்பெயருக்கு உரியதாகும்.

விடையளிப்பவர் அவர்களுடைய பாடசாலையிலிருந்தே வந்தார். மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கங்களைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சைவப் பாடசாலையை நிறுவினார். அச்சுயந்திரமும் வந்து சேர்ந்தது. 1854இல் வெளியான சைவதூஷணபரிகாரம், சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்கு அவர்களுடைய பழைய ஏற்பாட்டுக் கிரியைகளையே எடுத்துக்காட்டி விடையிறுத்தது. கண்டனம் கண்டனத்தைப் பெற்றது. தூஷணம் பரிகாரத்தைப் பெற்றது. தமிழ் உரைநடை இதனால் வளம் பெற்றது என்பது உண்மை. ஆனால் அயலவர் இருவர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதற்கு அந்தக் கண்டனங்களில் எத்தனை பக்கங்கள் உதவின?

இதற்கொரு மறுபக்கமும் உண்டு. திருநீறணிந்த சைவ இளைஞர் ஒருவரின் தமிழறிவை விவிலியத்துக்கே துணையாகக் கொண்ட பேர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைப் பெருந்தொகையாகத் திரட்டியவர். 1862இல் வெளிவந்த வின்சிலோவின் அகராதி, மிசனரிமாரும் தமிழ்ப் பண்டிதரும் நெடுங்காலம் சேர்ந்து உழைத்ததன் பயன். 1847இல் வந்த கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். இவர்களுள் எவரும் தம் விசுவாசத்தை மறைத்தவரல்லர். இன்று அத்துண்டுப்பிரசுரங்களை ஆய்வாளர் தவிர எவரும் தேடுவதில்லை. வின்சிலோவின் அகராதியையோ திருநீறணிந்த கைகளும் இன்றுவரை புரட்டுகின்றன.

தென்னிலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. 1873 ஓகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளிற் பாணந்துறையில் நடைபெற்ற பகிரங்க விவாதத்தில் கிறிஸ்தவத் தரப்பு தருக்கத்தால் வெல்லலாம் என நம்பியது. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் நாவன்மை திரண்டிருந்த மக்களைக் கவர்ந்தது. அவ்விவாதத்தின் ஆங்கிலப் பதிப்பு கடல் கடந்து ஒல்கொட்டை எட்டியது. 1880இல் அவர் இலங்கை வந்து சேர்ந்தார். பௌத்த மறுமலர்ச்சிக்கு அவ்விவாதம் பெரியதொரு உந்துதலாயிற்று. விவாதம் வெல்வதற்காகவே கூட்டப்படுகின்றது, கேட்பதற்காகக் கூட்டப்படுவதில்லை. கேளாதவனுக்குக் கிடைப்பது கைதட்டல் மட்டுமே. சில வேளைகளில் அந்தக் கைதட்டலும் எதிர்த்தரப்புக்கே போய்ச்சேரும்.

இனி இவ்விவாதத்தின் மையத்துக்கு வருதல் வேண்டும். அயலவனின் விக்கிரகத்தைப் பற்றி இத்துணைக் கடுமையாகப் பேசிய திருச்சபை, தன் வீட்டிலிருந்த சாதி என்னும் விக்கிரகத்தைப் பற்றி எவ்வாறு பேசியது? இங்கேதான் குரல் திடீரெனத் தாழ்கின்றது. இங்கேதான் பொறுமை, படிமுறை வளர்ச்சி, உள்ளூர் வழக்கம் ஆகிய மென்சொற்களெல்லாம் வந்து குவிகின்றன. தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே ஆலயத்திற் சாதிவாரியாக அமர்வதை ஆதரித்து வாதாடினார். 1833இல் கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் சாதிப் பாகுபாட்டைக் கைவிடுமாறு கட்டளையிட்டபோது அங்குள்ள சபைகள் பிளவுண்டன. யாழ்ப்பாணத்துச் சபைகளிலும் உயர்சாதியினர் தம் சாதியை வாயிலிற் கழற்றிவிட்டு உள்ளே வரவில்லை. திருமணப் பேச்சு எழும்போது ஞானஸ்நான அட்டைக்கு முன்னர் சாதி விசாரிக்கப்படும் வழக்கத்தை இன்றும் அறியாதார் எவர்?

விவிலியத்தில் அப்போஸ்தலர் இருவருக்கிடையே நேர்ந்த மிகக் கடுமையான மோதல் எதைப் பற்றியது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அந்தியோகியாவில் புறவினத்தாருடன் ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, தம் இனத்தார் சிலர் வந்ததும் அப்பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். ஏதென்ஸ் விக்கிரகங்களின் முன்னே பொறுமை காத்த அதே மனிதர், சமபந்தி மறுக்கப்பட்டபோது ஒரு கணமும் பொறுக்கவில்லை. தமிழ்த் திருச்சபைகளின் பழக்கம் இதற்கு நேர்மாறானதாகவே இருந்துவந்துள்ளது. அயலவன் கோயிலின் முன்னே அது பேதுருவைக் கண்டித்த பவுலாகின்றது. தன் பந்தியின் முன்னேயோ ஏதென்ஸின் பவுலாகின்றது.

விதிவிலக்குகள் இருந்தன என்பதை மறுத்தலாகாது. 1929–30 காலப்பகுதியில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சமஆசனம், சமபோசனம் என்பன வற்புறுத்தப்பட்டபோது கிறிஸ்தவக் கல்விமான்கள் சிலர் உறுதியுடன் நின்றனர். ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் வழிநடத்திய வாலிபர் இயக்கம் சைவ, கிறிஸ்தவ இளைஞரை அக்கொள்கையின்பால் ஒன்றுசேர்த்தது. எதிர்ப்பு வன்மையாக எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. இங்கே பேசப்பட்ட கடுஞ்சொல் துணிவு என்னும் பெயருக்கு உரியது. அதனைப் பேசியோர் தம் சுற்றத்தாரையும், தம் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பிய செல்வாக்குடையோரையும் நோக்கியே பேசினர். இழப்பதற்கு ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினர்.

கடுமையின் கட்சி இவ்வாறாயின் மென்மையின் கட்சி குற்றமற்றதா எனின், அதுவுமன்று. அக்கட்சியிற் பேசப்படும் மென்மையிற் பெரும்பகுதி மென்மையே அன்று. அது மௌனத்துக்கு இடப்பட்ட நாகரிகப் பெயர். எல்லா மதங்களும் ஒன்றையே கூறுகின்றன எனப் பொதுக்கூட்டத்திற் பேசிவிட்டு அமர்பவர், சைவசித்தாந்தத்தையும் கற்றவரல்லர். தம் திருச்சபையின் கொள்கையையும் கற்றவரல்லர். வினை, மறுபிறப்பு, அருள், பாவம், மீட்பு என்பவற்றுள் பாரதூரமான வேறுபாடுகள் உள்ளன. அவ்வேறுபாடுகளை இல்லையென்பது இரு தரப்பு அறிஞரையும் ஒருசேர அவமதிப்பதாகும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமானவற்றை மறுதலிப்பதில்லை என அறிவித்தபோது, கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையைக் கைவிடவில்லை. மதிப்பு வேறு, மழுப்பல் வேறு.

மென்மையில் இதனினும் கொடிய வகையொன்று உண்டு. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் வன்னியிலும் கிழக்கிலும் சிறுசிறு செபக்கூடங்கள் பல தோன்றியுள்ளன. அவற்றுள் நல்லெண்ணத்துடன் பணிபுரிவோர் உளர். ஆயின் கணவனையும் வீட்டையும் இழந்த ஒரு பெண்ணிடம், உன் வழிபாடே உன் இழப்புக்குக் காரணம் என ஒருவர் கூறுவாராயின் அது கடுமையன்று, கொடுமை. அவளிடமே இன்முகத்துடன் அரிசி மூட்டையைக் கொடுத்து அடுத்த வாரம் கூட்டத்துக்கு வருமாறு ஒருவர் அழைப்பாராயின் அது மென்மையன்று, தூண்டில். முன்னதில் அவளுடைய துயரம் கருவியாகின்றது. பின்னதில் அவளுடைய பசி கருவியாகின்றது. மறுக்கும் ஆற்றலற்றவளிடம் பேசப்படும் எச்சொல்லும், எக்குரலிற் பேசப்படினும், சாட்சியாகாது.

இதற்குச் சட்டம் தீர்வாகும் எனக் கருதுவோரும் உளர். 2004இல் பாராளுமன்றத்திற் பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, அது சட்டமாகவில்லை. அது நன்றே. ஒருவனுடைய நம்பிக்கையின் தூய்மையை அளக்கும் அதிகாரத்தைப் பொலிசாரிடம் கொடுக்கும் சமுதாயம் இறுதியில் எவருடைய நம்பிக்கையையும் காக்காது. எனினும் அந்தச் சட்டமூலத்தைக் கேட்டு அச்சமுற்ற திருச்சபைகள், அதனை வேண்டி நின்றோரின் மனப்புண்ணுக்கு ஒல்லாந்தர் காலந்தொட்டு நீளும் காரணங்கள் உண்டென்பதைத் தமக்குள்ளே எத்துணை வெளிப்படையாகப் பேசின? அங்கும் இடித்துரை தன் வீட்டிலேயே தொடங்கியிருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் கிறிஸ்தவர் அயலவரிடம் பேசாதிருத்தல் வேண்டுமா? வேண்டியதில்லை. பேசுவதற்குரிய முறையைத் தமிழே வைத்திருக்கின்றது. யாழ்ப்பாணத்தவரும், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க மாநாட்டில் உரையாற்றியவருமான டி. ரி. நைல்ஸ், சாட்சி கூறுதலை இரவலன் ஒருவன் இன்னோர் இரவலனுக்கு உணவு கிடைக்குமிடத்தைக் காட்டுவதற்கு ஒப்பிட்டார். உலகெங்கும் பரவிய இவ்வுவமையைக் கேட்கும் தமிழ் மாணவர் எவருக்கும் ஆற்றுப்படை நினைவுக்கு வராமற் போகாது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வாடி வரும் பாணனைக் காண்கின்றான். அவனுடைய வறுமையை அவன் இகழ்வதில்லை. நேற்றுவரை தானும் அவ்வறுமையில் உழன்றவன். அவன் யாழைப் பழிப்பதில்லை. தன் கையில் உள்ளதும் யாழே. எனினும் வழியை மழுப்பிக் கூறுவதுமில்லை. எத்திசையிற் செல்லவேண்டும், எந்நிலத்தைக் கடக்கவேண்டும், எங்கே இடர் உண்டு, யாரிடம் சேரவேண்டும் என்பனவற்றை ஐயத்துக்கிடமின்றிச் சொல்கின்றான். சொல்லிவிட்டுத் தன் வழியே போகின்றான். செல்வதும் செல்லாதிருப்பதும் கேட்டவன் விருப்பம். முருகனிடத்து ஆற்றுப்படுத்திய நூல் பத்துப்பாட்டின் முதற்பாட்டாக வைக்கப்பட்ட மொழியில், சமயத்தைப் பேசுவதற்கு இதனினும் தகுந்த முன்மாதிரியை வெளியே தேடவேண்டியதில்லை.

ஆற்றுப்படுத்துபவனுக்கு ஒரேயொரு தகுதி வேண்டும். அவன் உண்மையிலேயே பரிசில் பெற்றவனாக இருத்தல் வேண்டும். பெறாதவன் மென்மையாகப் பேசினால் அது முகமன். கடுமையாகப் பேசினால் அது வசை. தன் ஆலயத்தில் சமபந்தி கிடைத்ததை ஒரு கிறிஸ்தவன் காட்டமுடியுமாயின், அவன் தாழ்ந்த குரலிற் பேசினும் அச்சொல் ஊர் முழுதும் கேட்கும். அதனைக் காட்டமுடியாதவன் ஒலிபெருக்கியை எத்துணை உயரத்திற் கட்டினும் ஒரு காதிலேனும் அது ஏறாது. ஆதலின் எக்குரலிற் பேசுவதெனத் திருச்சபைகள் இனியும் விவாதித்துக்கொண்டிராமல், தம் பந்தியைச் சென்று பார்த்தல் வேண்டும். அங்கே எவராவது இன்றும் புறத்தே நிறுத்தப்பட்டிருப்பின், கடுஞ்சொல்லுக்குரிய இடம் அதுவே.